ஒண்ணும் இருபதும்

தும்பகண்டிகையில் பரணி வீட்டுச் சமையல்கட்டை ஒட்டி இருந்த ஷெட், அவனுடைய நைனா காலத்தில் வெல்லம் காய்ச்சக் கட்டியது. கரும்பெல்லாம் லாரி ஏறி ஃபாக்டரிக்குப் போக ஆரம்பித்த பிறகு அதில் எரு மூட்டையும் பழுதான ஆயில் இன்ஜினும் கிடந்தன. ஆந்திரா எல்லைக்குள், புத்தூரிலிருந்து நகரி போகிற ரோட்டை விட்டு, மாந்தோப்புகளுக்கு நடுவே உள்ளே தள்ளி இருக்கிற ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் வாய்க்கு வந்தது.

ரெண்டாயிரத்து அஞ்சு, ஆறு வாக்கில் எங்கள் பக்கத்தில் எங்கே பார்த்தாலும் குழாய் பதித்தார்கள். சத்தியவேடு பக்கம் புதுசு புதுசாக ஃபாக்டரி எழும்பியது. ஊர்ப் பையன்கள் பாதிப்பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். குவைத்துக்கும் மஸ்கட்டுக்கும் போனவர்கள் வீட்டில் மாடி ஏறியது. பரணி பெண்டாட்டி காஞ்சனாவின் தம்பி சம்பத்தும் அப்படி ஏதாவது ஒரு மாடிக்கு ஆசைப்பட்டவன்தான்.

அவனை வளர்த்தது காஞ்சனா. அம்மா காமாலையில் போனபோது அவளுக்குப் பதிமூன்று வயது, அவனுக்கு மூன்று. ஏழாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இடுப்பில் தம்பியும் தலையில் புல்லுக்கட்டுமாகத் திரிந்தாள். கல்யாணமாகிப் பரணி வீட்டுக்கு வந்தபோதும் தம்பியைக் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். பரணி முகம் சுளிக்கவில்லை. "பையன் சதுவுல சூடிகையா கீறான், படிக்கட்டும்" என்றான். ரெண்டு பசுமாட்டுப் பாலில் சம்பத் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்.ஸி. ஃபிசிக்ஸ் படித்தான்.

அப்புறம் சென்னைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். குழாயோடு குழாயைப் பற்றவைத்த இடத்தில் உள்ளே ஓட்டை விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே மாதிரி படம் பிடித்துப் பார்க்கிற வேலை. அதற்கு ஒரு பெட்டி உண்டு. மஞ்சள் பெயிண்ட் அடித்துப் பூட்டுப் போட்டிருக்கும். தூக்கினால் தோள் இறங்கும் கனம். அதற்குள்ளே குன்றிமணி அளவுக்கு ஏதோ ஒரு பொருள். படம் பிடித்தது அந்தப் பொருள்தான். பெட்டியை அவர்கள் கேமரா என்றே சொன்னார்கள். ஊரும் அப்படியே சொன்னது.

"அக்கா, எங்க கேமராவ வெக்கறதுக்கு ஒரு எடம் வேணும். டவுன்ல வெக்கக்கூடாதாம். நம்ப ஷெட்டு சும்மாதான கெடக்குது?" என்று ஒரு ஐப்பசியில் சம்பத் கேட்டான்.

"மாமாவக் கேளு" என்றாள் காஞ்சனா.

பரணி, "அதுல ஒண்ணும் கெடுதல் இல்லியே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"கெடுதல் இருந்தா எங்க அக்கா வூட்லயா மாமா வெப்பேன்?"

அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

ஷெட்டுக்கு நடுவில் குழி வெட்டி, சிமெண்ட் பூசி, ஈயத்தகடு போட்ட மூடி செய்தார்கள். கேமராக்கள் குழிக்குள்தான் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த வருஷம் அடைமழை. ஏரி நிரம்பி வழிந்தது, குழியில் ஊற்றெடுத்து முழங்கால் தண்ணீர் நின்றது. அதனால் மூன்று கேமராவையும் மேலே தூக்கி, ஈரம் படாத இடமாகப் பார்த்து, சமையல்கட்டுச் சுவரோரம் வரிசையாக வைத்தார்கள். மழை விட்டு, தண்ணீர் வற்றி, பூமி வெடிக்கிற காலம் வந்தும் அவை அங்கேயே இருந்தன.

காஞ்சனா தினமும் வாசல் கூட்டுகிற கையோடு ஷெட்டையும் கூட்டுவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. தன் வீட்டு இடம் குப்பையாகக் கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. கேமரா மேல் படிந்த தூசியையும் ஈரத்துணியால் துடைப்பாள். தம்பி வேலை செய்கிற சாமான். விஜயதசமிக்குப் பொட்டு வைப்பதுபோல ஒருநாள் மூன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். கம்பெனிப் பையன்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சங்கராந்திக்கு சம்பத் அவளுக்கு ஒரு வெங்கடகிரிப் புடவை கொண்டுவந்தான். மயில்கழுத்து நிறம், மாம்பழ மஞ்சளில் கரை.

"இன்னாத்துக்குடா இவ்ளோ நல்ல பொடவ? மாட்டுக்கு நடுவுல உழல்றவளுக்கு?"

"தம்பி சீரு குடுத்தா வாங்கிக்க மாட்டியா?"

காஞ்சனா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறந்த வீடு என்று ஒன்று இல்லாத பெண்ணுக்கு முதல்முறையாகச் சீர் வந்திருக்கிறது. எதிர்வீட்டு செல்லியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். கடைத்தெரு வரைக்கும் எடுத்துப்போய் நாலு பேருக்குக் காட்டினாள்.

கல்யாணமாகிப் பல வருஷமாகியும் வயிறு திறக்காதவள் காஞ்சனா. திருச்சானூரில் தொட்டில் கட்டியாயிற்று, புத்தூர் டாக்டரம்மாவிடம் மாத்திரை தின்றாயிற்று. பங்குனியில் நாள் தள்ளிப்போனபோது வெயில் சூடு என்றுதான் நினைத்தாள். பரணி மாங்காய்த் தோப்புக் குத்தகை பேச ரேணிகுண்டா பக்கம் போயிருந்த நாளில் சம்பத் வந்தான். பங்காருபாளையம் பக்கம் வேலையாகப் போய்விட்டு, ஒரு பை நிறையக் காய் மாங்காய் வாங்கிவந்திருந்தான். காஞ்சனா சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அரிவாள்மணையில் நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்றாள். மூன்று காய் போனது. நாலாவதை எடுத்தாள்.

"இன்னாக்கா, பல்லு கூசல?"

அவள் தலை குனிந்து சிரித்தாள். "சம்பத்து, யாருக்கும் இன்னும் சொல்லல. மாமாகிட்டகூட சொல்லல. ஊர்ஜிதமாவட்டும்னு கீறேன். நீ மாமனாவப் போறடா."

அவன் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தான். "நெஜமாவா?" என்றான். அக்காவின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இனிமே நீ அந்த ஷெட்டுப் பக்கம் போவாத."

"ஏன்டா?"

"சும்மாதான். குனிஞ்சு கூட்டுவ, வெயிட்டு கிய்ட்டு தூக்குவ. வாணாம்."

எவ்வளவு அக்கறை என்று அவளுக்கு மனசு நிறைந்துபோனது. அன்றிலிருந்து ஷெட்டுக்குள் போகவில்லை. மசக்கை கடுமையாக இருந்தது. களி கிண்டுகிற வாடையே ஆகவில்லை. புளிச்சகீரை மட்டும் இறங்கியது. சித்திரை வெயிலில் வீட்டில் எந்த இடமும் கொதிக்க, சமையல்கட்டில் அந்த ஒரு சுவர் மட்டும் ஷெட்டின் நிழலில் குளுகுளு என்றிருந்தது. முதுகை அதில் சாய்த்துக்கொண்டு பகலெல்லாம் கிடந்தாள்.

ஆனி மாதக் காற்றில் புழுதி பறந்துகொண்டிருந்த ஒரு நாள், பத்மினி என்கிற அம்மா ஊருக்குள் வந்தார். திருப்பதியில் பாடம் சொல்லிக் கொடுப்பவர். சித்தூர்க்காரர் என்பதால் தமிழும் பேசினார். பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டென்றும், எந்த ஊரில் எவ்வளவு என்று அளந்துகொண்டு வருவதாகவும் சொன்னார். கையில் ரேடியோப் பெட்டி மாதிரி ஒரு மீட்டர். குடிக்கத் தண்ணீர் கேட்டு காஞ்சனா வீட்டுக்கு வந்தார். காஞ்சனா மோர் கரைக்க உள்ளே போனாள். பின்னாலேயே பேசிக்கொண்டு வந்த பத்மினியின் மீட்டர், சமையல்கட்டு வாசலைத் தாண்டியதும் இரைய ஆரம்பித்தது.

அவர் மோரை வாங்கவில்லை. சுவரோரமாக மீட்டரைப் பிடித்து நடந்தார். "இதுக்கு அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?"

"கேமரா மேடம். எங்க தம்பி கம்பெனிது."

"நீங்க இங்க எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

"நான் வேற எங்க இருப்பேன்? இதுதான நம்ப எடம்." காஞ்சனா வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள். பத்மினி அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம்தான் மோர்ச் சொம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவளை முற்றத்துக்குக் கூட்டிவந்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, கேமராவுக்குள் இருக்கிற பொருளின் கதிர்வீச்சு சுவரைத் தாண்டி வருகிறது என்று விவரமாகச் சொன்னார். இன்றைக்கே படுக்கையையும் அடுப்பையும் வீட்டு முன்பக்கத்துக்கு மாற்றச் சொன்னார்.

காஞ்சனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொழந்தைக்கி எதனா ஆவுமா மேடம்?" என்றாள்.

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதும்மா. நூத்துக்கு நூறு ஆகாதுன்னு சொல்ல என்னால முடியாது."

"ஆவும்னு சொல்லுங்க, இல்ல ஆவாதுன்னு சொல்லுங்க. நடுவுல நின்னுக்கினு சொன்னா நான் இன்னா பண்றது?"

"தெரிஞ்சத மட்டும்தான் சொல்ல முடியும்" என்றார் பத்மினி. அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனாலும் அந்தப் பதில் காஞ்சனாவுக்குப் பிடிக்கவில்லை. தம்பியைக் கேட்டால் சரியாகச் சொல்வான் என்று நினைத்தாள்.

பத்மினி மேலே எழுதிப்போட்டார். ரெண்டு தெலுங்குப் பேப்பரில் செய்தி வந்தது. ஆடி மாதத்தில், இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிற மும்பை ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்து அளந்து பார்த்துவிட்டு, மறுநாள் மண்டல் ஆபீஸில் விசாரணை என்று சொல்லிப்போனார்.

விசாரணை நாள் காலையில், மாடு கறந்துகொண்டிருந்த நேரத்தில் சம்பத் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. சட்டை கசங்கியிருந்தது.

"துன்னியாடா?"

"பசிக்கலக்கா."

அவள் எழுந்துபோய் ராத்திரிக் களியைக் கரைத்து வெங்காயத்தோடு கொண்டுவந்து கையில் கொடுத்தாள். குடிக்கிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்த மேடம் சொல்றது நெஜமாடா?"

"அவங்க பெர்சாக்கி பேசறாங்க. கேரளாவுல கடலோர மண்ணுல இத்தவிட நெறைய இருக்குது, ஜனங்க அங்க தலமொற தலமொறயா வாழ்ந்துக்கினுதான கீறாங்க? இதெல்லாம் ஒரு கணக்கு, அவ்ளோதான்."

"அப்ப ஏன்டா என்ன ஷெட்டுக்குப் போவாதன்ன?"

சம்பத் சொம்பை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, இன்னைக்கி நீ ஒண்ணும் பேச வாணாம். கேட்டதுக்கு மட்டும் ஆமா, இல்லன்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன். என்ன மஸ்கட்டுக்கு அனுப்பறதா இருக்காங்க. இந்த நேரத்துல எதனா ஆச்சுன்னா கம்பெனிக்கு லைசென்ஸு போயிடும், என் வேலயும் போயிடும்."

"நீ பாத்துக்கறேன்னா சரி" என்றாள் காஞ்சனா.

போகும்போது, இருந்ததில் நல்ல புடவை என்று அந்த வெங்கடகிரியையே கட்டிக்கொண்டாள்.

மண்டல் ஆபீஸ் ஹாலில் மின்விசிறி கடகடவென்று ஓடியது. தும்பகண்டிகையிலிருந்து டிராக்டரில் வந்த ஜனம் ஜன்னல் வரை நின்றது. பேச்செல்லாம் தெலுங்கில் நடந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அன்றைக்குப் பேசிய விஷயம் எந்தப் பாஷையிலும் யாரும் கேட்டிராதது.

கம்பெனி தரப்பில் நாகபூஷணம் என்ற ரிட்டையர்டு விஞ்ஞானி வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பொறுமையான குரல். பத்மினியும் அவரும் பழக்கம்போலும், முதலில் கைகூப்பிக்கொண்டார்கள்.

"பொது ஜனத்துக்கு வருஷத்துக்கு ஒரு மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. அதுதான் வரம்பு" என்றார் பத்மினி. "இந்தம்மா அந்தச் சுவரோரம் இருந்த காலத்தைக் கணக்குப் பண்ணினா ஆறுக்குக் குறையாது."

"ஆறுன்னே வெச்சுக்குவோம்" என்றார் நாகபூஷணம். "நூறுக்குக் கீழ வியாதி வந்ததுன்னு யாராவது நிரூபிச்சிருக்காங்களாம்மா? முன்னாடி இதே வரம்பு அஞ்சா இருந்தது. அப்புறம் ஒண்ணாக்கினோம். அஞ்சா இருந்த காலத்துல ஜனங்க செத்தா போனாங்க? ஒண்ணுங்கிறது ஜாக்கிரதைக்காக நாம போட்டுக்கிட்ட கோடு. கோட்டைத் தாண்டினா பள்ளம்னு அர்த்தம் இல்லை."

"தெரியலைங்கிறதும் இல்லைங்கிறதும் ஒண்ணு இல்லீங்க ஐயா. கொஞ்சமா இருந்தா எவ்வளவு கெடுதல்னு கண்டுபிடிக்க லட்சக்கணக்கான ஜனத்தைக் காலமெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்கணும். அதனாலதான், ஒவ்வொரு சொட்டும் கணக்குல சேரும்னு எடுத்துக்கிட்டுக் கோடு போட்டாங்க."

"அப்படி எடுத்துக்கிட்டது வசதிக்காக. அது உண்மைன்னு யார் சொன்னது?"

"பொய்னு யார் சொன்னது?"

இப்படியே வெகுநேரம் போயிற்று. ரெண்டு பேரும் கெட்டிக்காரர்கள். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றே ஜனத்துக்குப் பட்டது. காஞ்சனாவுக்கு ஒருவர் பேசும்போது அவர் சரி, மற்றவர் பேசும்போது இவர் சரி. கால் வீங்கிக்கொண்டு வந்தது. பரணி எங்கிருந்தோ ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டான்.

கடைசியில் அதிகாரி மேஜையைத் தட்டினார். "உங்க ரெண்டு பேர் சண்டை உலகம் பூரா நடக்கிறது. அதைத் தீர்க்க நான் வரலை. சட்டத்துல ரெண்டு எண் இருக்கு. பொது ஜனம்னா ஒண்ணு. இந்த வேலையில இருக்கிறவங்கன்னா இருபது. வேலைக்காரனுக்கு என்ன பண்றோம்னு தெரியும், கூலி வாங்குறான், அதனால அவனுக்கு வரம்பு அதிகம். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். இந்தம்மா யாரு?"

கம்பெனி மேனேஜர் சம்பத்தைப் பார்த்தார். சம்பத் எழுந்தான்.

"ஒர்க்கர்தான் சார். எங்க கம்பெனிக்கி வேல செய்றவங்க."

காஞ்சனாவுக்கு முதலில் அவன் யாரைச் சொல்கிறான் என்றே விளங்கவில்லை.

"ஏம்மா, நீங்க அந்த ஷெட்டைக் கூட்டுவீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமா சார்."

"கேமராவைத் துடைப்பீங்களா?"

"ஆமா சார். எங்க தம்பிது..."

"கூலி?"

"கூலியா? நம்ப வூட்டக் கூட்டறதுக்கு யார்னா கூலி வாங்குவாங்களா சார்?"

"சங்கராந்திக்கி கம்பெனில இருந்து கூலிக்கி பதிலா பொடவ குடுத்தோம் சார்" என்றான் சம்பத். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "இப்ப கட்டிக்கினு கீறாங்களே, அதான்."

ஜனம் மொத்தமும் திரும்பி அவள் புடவையைப் பார்த்தது. செல்லியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். காஞ்சனாவும் குனிந்து பார்த்தாள். யாரோ கொண்டுவந்து தன்மேல் சுற்றிவிட்ட துணிபோல இருந்தது அது.

பரணி, "டேய்!" என்று முன்னால் வந்தான். ரெண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள்.

பத்மினி குரலை உயர்த்தாமல் அதிகாரியிடம் சொன்னார். "வேலைக்காரங்கன்னா பயிற்சி குடுத்திருக்கணும். சட்டையில மாட்டிக்க அளவு பார்க்கிற பேட்ஜ் குடுத்திருக்கணும். இவங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

"அது குறைபாடுதான். அதுக்கு எச்சரிக்கை குடுப்பேன்" என்றார் அதிகாரி. "ஆனா இருபதைத் தாண்டலை."

அப்போது காஞ்சனா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தான். ஆனாலும் எழுந்தாள். "சார், நான் வேலக்காரியாவே இருக்கட்டும் சார். என் வயித்துல கீற கொழந்த? அது எந்த வேல செஞ்சுது? அதுக்கு ஒண்ணா, இருபதா?"

நாகபூஷணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்மினிதான் பதில் சொன்னார். "ஒண்ணுதாம்மா. வேலைக்காரங்க வயித்துக் குழந்தைக்கும் பொது ஜனத்துக்கு உள்ள மாதிரிதான் வரம்பு. சட்டத்துலயே இருக்கு."

"இருக்கு" என்று அதிகாரியும் ஒத்துக்கொண்டார். "மாசமா இருக்கேன்னு கம்பெனிக்குச் சொன்ன நாள்ல இருந்து. சொல்லவேண்டியது அந்தம்மா பொறுப்பு. இவங்க சொன்னாங்களா?" அவர் சம்பத்தைப் பார்த்தார்.

காஞ்சனாவுக்கு நெஞ்சு லேசானது. இதற்குச் சாட்சி வேண்டியதில்லை. இது அவனுக்குத் தெரியும். புருஷனுக்குச் சொல்வதற்கு முன்னால் அவனுக்குத்தானே சொன்னாள்.

சம்பத் திரும்பி மேனேஜரைப் பார்த்தான்.

"சொல்லல சார்" என்றான். "எனக்கே பேப்பர்ல வந்தப்பதான் தெரியும்."

"சம்பத்து!" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "மாங்கா கொண்டாந்தியே... மாங்கா துன்னுக்கினே உன்கிட்ட சொன்னேனேடா! நீ என் கையப் புடிச்சுக்கினு அழுதியேடா!"

பின்னால் யாரோ ரெண்டு பேர் மாங்காய் என்றதும் சிரித்தார்கள். அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். சம்பத் உட்கார்ந்துவிட்டான்.

டிராக்டரில் ஊருக்குத் திரும்பினார்கள். மேற்கே நகரி மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்து, மழை பெய்யாமலே கலைந்தது. வீட்டுக்கு வந்ததும் காஞ்சனா புடவையை அவிழ்த்து மாட்டுக்கொட்டகையில் போட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் ஈன்ற பசுவின் கன்றைத் துடைக்க பரணி அதில்தான் கிழித்துக்கொண்டான். அவனும் தெரிந்துதான் செய்தான் போலிருக்கிறது.

கம்பெனிக்கு ஒரு எச்சரிக்கை வந்தது. ஒரு வாரத்தில் கேமராக்களை வேன் வந்து ஏற்றிப்போனது. குழியை பரணி மண் போட்டு மூடினான். ஷெட்டையே இடித்துவிடுகிறேன் என்று கடப்பாரை எடுத்தவனை காஞ்சனா தடுத்தாள். "அந்தச் செவுரு இன்னா பண்ணுச்சு?" என்றாள். சம்பத் புரட்டாசியில் மஸ்கட் போனான். போகும்போது ஊருக்கு வரவில்லை.

மிச்ச மாதங்களை அவள் எப்படிக் கழித்தாள் என்பதை செல்லியம்மாதான் சொல்வாள். வயிற்றில் அசைவு இருந்தால் ஏன் இப்படி உதைக்கிறது என்பாள். அசையாமல் இருந்தால் ஏன் சும்மா இருக்கிறது என்பாள். திருப்பதியில் ஸ்கேன் எடுத்த டாக்டர் எல்லாம் நார்மல் என்றார். "நார்மல்னா ஒண்ணா, இருபதா?" என்று கேட்டாள் காஞ்சனா. டாக்டருக்குப் புரியவில்லை. பத்மினி ரெண்டு முறை பஸ் பிடித்து வந்து பார்த்துப்போனார். இன்னும் மேலே எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவர் வரும்போதெல்லாம் காஞ்சனா மோர் கொடுத்தாள், மரியாதையாகப் பேசினாள். ஆனால் ஒருமுறை, "நீங்க அன்னைக்கி தண்ணி கேக்காம அப்டியே போயிருந்தீங்கன்னா, எனக்கு எந்தம்பி இருந்திருப்பான் மேடம்" என்று சொல்லிவிட்டாள்.

மார்கழியில் குழந்தை பிறந்தது. பெண். கொழுகொழுவென்று, தலை நிறைய முடியோடு, தொட்டால் கத்துகிற குழந்தை. கையும் காலும் விரலும் எண்ணிப் பார்த்து, திருப்பிப் போட்டு முதுகைப் பார்த்து, அதன் பிறகுதான் காஞ்சனா அழுதாள்.

ஊர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டது. "பாத்தியா, ஒண்ணும் ஆவல. அந்தத் திருப்பதிக்காரம்மா சும்மா பயமுறுத்திட்டுப் போச்சு. சம்பத்து படிச்சவன், தெரிஞ்சுதான் சொன்னான்" என்றார்கள். குழந்தை சிரித்தால் சம்பத் சொன்னது சரி, தவழ்ந்தால் சரி, பல் முளைத்தால் சரி. காஞ்சனாவுக்கு ஒன்று மெல்ல மெல்லத் தெரிய வந்தது: குழந்தை நன்றாக வளர வளர, தான் கோபப்பட இடமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. குழந்தைக்கு ஜுரம் வந்தால் உயிர் பதறுகிறது. ஜுரம் விட்டால் தம்பி ஜெயிக்கிறான். ஒரு ஜுர நாளில், யாரை வேண்டிக்கொள்கிறோம், எதை வேண்டிக்கொள்கிறோம் என்று யோசித்துப் பார்த்துத் தன்னையே அறைந்துகொண்டாள்.

மஸ்கட்டிலிருந்து போன் வரும். பரணிதான் பேசுவான். முதலில் வெட்டிவிட்டவன், பிறகு சரி சரி என்று கேட்டுக்கொள்ள ஆரம்பித்தான்.

"ஒரே தம்பி. வுட்டுடேன்" என்றான் ஒருநாள்.

"நான் இன்னா புடிச்சுக்கினா கீறேன் மாமா, வுடறதுக்கு?"

"காது குத்தறதுக்கு வரேன்றான். தாய்மாமன் மடி இல்லாம எப்டி குத்துவ? ஊர்ல நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"வரட்டும்" என்றாள்.

குழந்தைக்கு ஒரு வயசு முடிந்த தை மாதம் கங்கம்மா கோயில் வாசலில் பந்தல் போட்டுக் காது குத்து. சம்பத் வந்திருந்தான். உடம்பு போட்டிருந்தான், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பித்தளைத் தட்டில் பட்டுப்பாவாடை, பழம், பூ, சின்னத் தங்கக் கம்மல் என்று சீர் வைத்துக் கையில் ஏந்தி நின்றான். குழந்தையைப் பார்த்ததும் அவன் முகம் இளகிப்போனது. அது நடிப்பு இல்லை என்று காஞ்சனாவுக்குத் தெரிந்தது. மூன்று வயதிலிருந்து அவள் வளர்த்தவனின் முகம்.

காது குத்துகிற ஆசாரி செங்கல்வராயன் ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு, "மாமன் மணையில உக்காரட்டும்" என்றார்.

காஞ்சனா குழந்தையை இடுப்பில் வைத்தபடி சம்பத்துக்கு எதிரே போய் நின்றாள். ஒன்றரை வருஷத்தில் முதல் முறையாக அவனிடம் பேசினாள்.

"ஒக்காரு. அதுக்கு மின்னாடி ஒண்ணே ஒண்ணு. நான் உன்கிட்ட சொன்னேனா, இல்லியா?"

சம்பத் சுற்றிலும் பார்த்தான். பிறகு மெல்லிய குரலில், "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்? கொழந்தைக்கித்தான் ஒண்ணும் ஆவலியே" என்றான்.

"ஆயிருந்தா சொல்லியிருப்பியா?"

அவன் குனிந்து தட்டிலிருந்த கம்மலை நேராக எடுத்து வைத்தான். குழந்தை அவன் தட்டிலிருந்த பூவைப் பிடிக்கக் கையை நீட்டி எம்பியது.

காஞ்சனா காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும், குழந்தையை அவன் மடியில் வைத்திருப்பாள் என்று செல்லியம்மா இன்றைக்கும் சத்தியம் பண்ணுவாள்.

பிறகு அவளே மணையில் உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் இருத்தி, தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"குத்துங்க ஆசாரி."

செங்கல்வராயன் பெரியவர்களைப் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊசி ஏறியதும் குழந்தை ஊரைக் கூட்டியது. ரெண்டாவது காதுக்கும் அவள் பிடி தளரவில்லை. மேளக்காரர்கள் பலமாக அடித்தார்கள், பெண்கள் வெல்லத்தைக் குழந்தை வாயில் வைத்தார்கள், எல்லோரும் பந்திக்கு நகர்ந்தார்கள். சம்பத் சீர்த்தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அதை எங்கே வைப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.